கண்மைப் பொட்டு வைத்த முட்டை

மார்ச் 24, வெள்ளி

ஜெர்மன் வகுப்பு டீச்சர் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். ஜெர்மன் மொழியிலேயே எழுத வேண்டுமாம். காலையில் எழுந்தேன், ரொட்டி தின்றேன், மழை பெய்தது என்பதற்கு மேல் எனக்கு அந்த மொழி ஓடாது. எனக்கு வருகிற கோபத்துக்கு அது எந்த மூலைக்கு? அதனால் தமிழில் எழுதுகிறேன். டீச்சரிடம் காட்டப்போவதில்லை.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இசக்கி என்னைச் சோபாவில் உட்காரவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தார். கட்டிய புருஷன் தலையணை கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டும்தான். ஆனால் கையோடு சட்டம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். குனியாதே, அரிசி மூட்டையைத் தூக்காதே, படியில் கம்பியைப் பிடித்துக்கொள், வகுப்புக்கு லீவு போடு.

"மூணாவது தடவ பேச்சி. கொஞ்சம் பாத்து இருப்போம். யாருட்டயும் மூச்சு விடாத" என்றார்.

நான் யாரிடம் மூச்சு விடப்போகிறேன்? எதற்கு ஆஸ்பத்திரி என்று இதில்கூட எழுத மாட்டேன். போன இரண்டு தடவையும் விலாவாரியாக எழுதிவிட்டு, பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டியதாகிவிட்டது. ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் நான் சோபாவில் வைத்த பொம்மை.

மார்ச் 27, திங்கள்

கீழ்வீட்டு ஃப்ராவ் பெக்கர், அதாவது பெக்கர் அம்மாள், வந்து மணி அடித்தார். அந்த அம்மாள் மணி அடித்தாலே குற்றம் சொல்லத்தான். படிக்கட்டு துடைக்கிற முறை எங்களுடையதா, குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டேனா, தாளிக்கிற வாசம் கீழே வருகிறதா, ஏதாவது ஒன்று இருக்கும். இன்றைக்கு முட்டை.

இந்தக் கட்டடத்தில் ஈஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டாம். வாசல் கூடத்தில் பெரிய ஜாடியில் மொட்டைக் கிளை ஒன்றை வைப்பார்களாம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் அலங்காரம் செய்த முட்டைகளை அதில் தொங்கவிட வேண்டுமாம். போன வருஷம் நாங்கள் மட்டும் கொடுக்கவில்லையாம். போன வருஷம் இதே நேரத்தில் நான் எந்த நிலைமையில் கிடந்தேன் என்று இந்த அம்மாளுக்கு என்ன தெரியும்? "இந்த வருஷம் கட்டாயம், ஃப்ராவ் பெட்சி" என்றார். பேச்சியம்மாள் என்ற பெயர் இந்த ஜெர்மன் ஊர் வாயில் விழுந்து பெட்சி ஆகிவிட்டது.

"கடையில சாயம் பூசுனதே விக்கானே, ஒரு பெட்டி வாங்கிட்டாப் போச்சு" என்றார் இசக்கி.

அதெல்லாம் முடியாது. அந்த அம்மாள் கேட்ட தோரணைக்கு நானே செய்வேன். சாயம்கூட கடையில் வாங்க மாட்டேன். மஞ்சளும் வெங்காயத் தோலும் இருக்கிற வீட்டுக்கு மாத்திரையாக விற்கிற சாயம் எதற்கு? சோபாவில் உட்கார்ந்து செய்கிற வேலைதானே, சட்டமும் மீறவில்லை.

மாடிவீட்டுக் கோகிலவாணியிடம் சொன்னேன். அவளும் அவள் புருஷன் தீபனும் கோபிசெட்டிபாளையம். இந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுகிற இன்னொரு வீடு அவர்களுடையதுதான். அவளுக்கு ஏழாம் மாதம். வாந்தி எடுத்துக் கிடந்த மூன்று மாதமும் ரசமும் துவையலும் என் அடுப்பிலிருந்துதான் மேலே போனது. "எனக்கு அதெல்லாம் வராதுங்க்கா, நான் கடையில வாங்கிக் குடுத்திருவேன்" என்று சிரித்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எப்போதும் அங்கேயே கை.

மார்ச் 29, புதன்

கிளையில் தொங்கவிடுகிற முட்டையை அவிக்கக் கூடாதாம். மேலும் கீழும் ஓட்டை போட்டு, வாயால் ஊதி உள்ளே இருப்பதை வெளியே தள்ள வேண்டுமாம். தையல் ஊசியால் குத்தி ஊதிப் பார்த்தேன். கன்னம் வலித்தது, காது அடைத்தது, முட்டை அப்படியே இருந்தது. அடுத்ததை அழுத்தி ஊதினேன், கைக்குள்ளேயே நொறுங்கிவிட்டது. இசக்கி ஆபீஸ் அறையிலிருந்து ஓடிவந்து "வயித்துக்கு அழுத்தம் குடுக்காதட்டி" என்று கத்தினார். முட்டை ஊதினால் அழுத்தமா என்று நானும் கத்தினேன். அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்ததால் கூடுதலாகக் கத்தினேன்.

பிறகுதான் பிரிட்ஜ் கதவில் இருக்கிற டப்பா நினைவுக்கு வந்தது. பிரிக்காத ஊசிகள் அதில் மிச்சம் இருக்கின்றன. மாசக்கணக்கில் என் வயிற்றில் குத்தியவற்றின் கூடப்பிறந்தவை. ஒன்றைப் பிரித்தேன். மேல் ஓட்டை வழியாக ஊசியை விட்டுக் காற்றைத் தள்ளினால் வெள்ளையும் மஞ்சளும் கீழ் ஓட்டை வழியாகச் சமர்த்தாகக் கிண்ணத்தில் இறங்குகிறது. சத்தமில்லை, வலியில்லை. ஊசி பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலியான கூட்டைக் கையில் வைத்தால் கனமே இல்லை. இப்படியும் ஒரு பொருள் இருக்குமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவுக்கு முட்டைப் பொடிமாஸ்.

மார்ச் 31, வெள்ளி

இன்று சாயம். மூன்றாவது நாளாக முட்டைப் பொடிமாஸ் என்பதால் இசக்கி தட்டைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார். விடட்டும்.

காலியான முட்டை தண்ணீரில் மிதக்கிறது. சாயத்துக்குள் முங்கவே மாட்டேன் என்கிறது. மேலே டம்ளரைக் கவிழ்த்து அமுக்க வேண்டியிருந்தது. வெங்காயத் தோலைக் கொதிக்கவிட்டு ஆறவைத்தேன். கொத்தமல்லி இலையை ஈரத்தோடு முட்டையில் ஒட்டி, என் பழைய நைலான் காலுறைக்குள் இறுக்கிக் கட்டி, அதில் ஊறவிட்டேன். அவிழ்த்தபோது செம்மண் நிறத்தில் ஓடு, நடுவில் கொத்தமல்லி வெள்ளை வெளேரென்று நரம்போடு பதிந்திருந்தது. கைதட்ட வேண்டும்போல இருந்தது. பீட்ரூட் மட்டும் காலைவாரிவிட்டது. ரோஸ் வரும் என்று பார்த்தால் அழுக்குத் தண்ணீர் நிறம். அந்த முட்டையை இசக்கி அழகு என்று சொன்னதும் எனக்கு வந்த எரிச்சலை எழுதினால் பக்கம் தாங்காது.

கடைசி முட்டைதான் முட்டை. அதை மஞ்சளில் போட்டேன். இரண்டு சொட்டு வினிகர் விட்டதும் மஞ்சள் அப்படியே ஓட்டில் ஏறிவிட்டது. ஆரத்திக்கு ஆலம் கரைக்கிற சிவப்பில் கோடு போடலாம் என்று தோன்றியது. சுண்ணாம்புக்கு இங்கே எங்கே போவது? மஞ்சளில் சோடா உப்பைக் குழைத்தேன், அதே சிவப்பு வந்தது. தீக்குச்சி முனையால் புள்ளி வைத்துச் சுற்றிலும் சிக்குக்கோலம் இழுத்தேன். கை நடுங்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. அப்படியே வெறுமனே விட மனசு வரவில்லை. கண்மையை எடுத்துக் கீழ்ப்பக்கம் ஓரமாக ஒரு பொட்டு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது. அழகாக இருந்ததால் வைத்திருப்பேன்.

ஏப்ரல் 1, சனி

முட்டைகளைக் கிளையில் தொங்கவிட்டாயிற்று. ஃப்ராவ் பெக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மஞ்சள் முட்டையிடம் வந்ததும் நின்றுவிட்டார். "இதை நீயா செய்தாய்?" என்றார். பின்னே, உங்கள் பூனையா செய்தது?

ஏப்ரல் 2, ஞாயிறு

எழுதியே தீர வேண்டும்.

கோகிலாவுக்கு அடுத்த ஞாயிறு, ஈஸ்டர் அன்றைக்கே, கீழ்த்தள ஹாலில் வளைகாப்பு. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வருகிறார்கள். ஏற்பாடு நான். புளிக்காய்ச்சல் நான். கண்ணாடி வளையல் ஊரிலிருந்து தருவித்தது நான். இன்றைக்கு அவள் இறங்கி வந்து சோபா நுனியில் உட்கார்ந்தாள். எழுந்து போகவும் இல்லை, விஷயத்தைச் சொல்லவும் இல்லை.

"அக்கா, தப்பா நெனைக்கக் கூடாதுங்க்கா. அம்மா போன்ல ஒன்னு சொன்னாங்க. நீங்க சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்குங்க, வளையல் போடறத மத்தவங்க பாத்துக்கட்டும்னு."

"மத்தவங்கன்னா?"

அவள் புடவை நுனியைத் திருகினாள்.

"பிள்ள பெத்தவங்கன்னு சொல்லு. வாயத் தொறந்து சொல்லு."

"எனக்கு அப்படியெல்லாம் இல்லீங்க்கா. அம்மா பயந்துக்கறாங்க. மொதக் கொழந்த..."

"உங்கம்மாவுக்குப் பயம், உனக்கு இல்ல. அப்ப உங்கம்மாட்ட நீ சொல்ல வேண்டியதத் தூக்கிட்டு எங்கிட்ட எதுக்கு வந்த? வாந்தி எடுத்துக் கெடந்தப்போ நான் வச்ச ரசம் தீட்டா இல்லையே? அப்ப இனிச்சுதுல்லா?"

அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். நான் விடவில்லை. வாசலில் நின்று, படி ஏறுகிறவளைப் பார்த்து, "நல்லா இருங்க! குடும்பத்தோட நல்லா இருங்க!" என்று கத்தினேன். வார்த்தை நல்ல வார்த்தைதான். நான் சொன்ன விதம் எனக்கே கேட்டது. மேலே தீபன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

இசக்கி என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "நம்ம விஷயம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாதுல்லா, தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டா" என்றார். தெரிய வேண்டாம். தெரிந்து ஒரு பாவப்பட்ட பார்வை பார்ப்பாளே, அதற்கு இதுவே மேல்.

ஏப்ரல் 3, திங்கள்

கோபம் இறங்கவில்லை. முட்டை தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 6, வியாழன்

காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஊதா நிறத்தில் ஒரு முட்டை தொங்கியது. கடைச் சாயம், மேலே ஒட்டின வாத்துப் படம். கோகிலாதான் கடையில் வாங்குவேன் என்று சொன்னாள். இதுதான் அவளுக்குத் தெரிந்த சமாதானம் என்று நினைத்தேன். வாத்துப் படம் கோணலாக ஒட்டியிருந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. மனசு கொஞ்சம் இளகிவிட்டது. சாயங்காலம் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்றிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, கொழுக்கட்டைக்கு மாவுகூடப் பிசைந்தேன்.

சாயங்காலம் தீபனே வந்தான். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றவில்லை.

"உங்களுக்கு எங்க மேல கோவம் இருக்கட்டுங்க. அதுக்காக இப்படியா செய்வீங்க?"

"என்ன செஞ்சேன்?"

"மஞ்ச பூசி, குங்குமத்துல கட்டம் போட்டு, மை வச்சு, கர்ப்பிணி வீட்டு வாசல்ல முட்டையக் கட்டிட்டுப் போனா அதுக்கு என்னங்க பேரு? நாங்களும் ஊர்ல பொறந்தவங்கதான். முச்சந்தியில கெடக்கறதப் பாத்திருக்கறோம். கோகிலா காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. படபடன்னு வருதுன்னு படுத்திருக்கறா."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. என் முட்டையைச் சொல்கிறான். நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முட்டை. அதைச் செய்வினை என்கிறான்.

"அந்த முட்ட எங்க?"

"ரோட்டு முக்குல வச்சு, உப்புத் தண்ணி ஊத்தி, செருப்பால ஒடச்சாச்சுங்க."

அவனை அடித்திருப்பேன். இசக்கி குறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வைக்கலல, நான் எதுக்குல உன் வீட்டுல வைக்கேன்" என்று நான் கத்தின கத்தில் கட்டடமே எட்டிப் பார்த்திருக்கும். தீபன் கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிட்டைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருத்திக்குப் பிள்ளை இல்லை என்றால் அவள் அடுத்தவள் வயிற்றில் மண்ணைப் போடுவாள் என்று இத்தனை லேசாக நம்பிவிடுகிறார்கள்.

மாவைக் குப்பையில் கொட்டினேன்.

ஏப்ரல் 7, வெள்ளி

பெரிய வெள்ளி. கடைகள் மூடிக் கிடக்கின்றன. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கத்தினால் கேட்கிற அமைதி, ஆனால் கத்தத் தெம்பில்லை.

இசக்கி மெதுவாக ஆரம்பித்தார். "நீ செய்யலன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் முட்ட உன்னோடதுதான? ஒரு வார்த்த, தெரியாம நடந்துட்டுன்னு சொல்லிட்டா முடிஞ்சிரும். இந்த நேரத்துல நீ இப்படிக் கொதிச்சா நல்லதுக்கில்ல."

"எந்த நேரத்துல?"

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

செய்யாததற்கு மன்னிப்புக் கேட்டால் செய்ததாகவே ஆகிவிடாதா? நான் அந்த முட்டையை அங்கே கட்டவில்லை. கிளையில் தொங்கியது எப்படி மாடி ஏறிப்போனது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் அதைத் தெரிந்துகொள்கிற அக்கறையும் இல்லை. பேச்சியம்மாள்தான் செய்திருப்பாள். முடிந்தது கதை.

காலையிலிருந்து இடுப்பில் ஒரு வலி. சோபாவில் உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு வலிக்காதா என்ன?

ஏப்ரல் 8, சனி

படிக்கட்டு துடைக்கிற முறை எங்களுடையது. இசக்கி வாளியைப் பிடுங்கிக்கொண்டு அவரே துடைத்தார். நான் சும்மா கீழே இறங்கிப் போனேன். கூடத்துக் கிளையில் பாதி முட்டைகள் இல்லை.

ஃப்ராவ் பெக்கர் கதவைத் தட்டினேன். அந்த அம்மாள் கதவை நான் தட்டியது இதுதான் முதல் தடவை. தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் திரட்டி, என் மஞ்சள் முட்டையை யார் எடுத்தது என்று கேட்டேன்.

"முயல்" என்றார்.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "எந்த முயல்?"

"ஈஸ்டர் முயல்" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். ஈஸ்டருக்கு முட்டை கொண்டுவருவது முயல் என்பது இந்த ஊர்க் கதை. பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்து, தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார். வருஷா வருஷம் வியாழக்கிழமை விடிவதற்குள் அந்த அம்மாள்தான் கிளையிலிருந்து எடுத்து வீட்டுக்கு ஒன்றாகக் கைப்பிடியில் கட்டுவாராம். ஒரு வீட்டு முட்டை இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டுமாம். யார் செய்தது என்று சொல்லக் கூடாதாம், அதுதான் விளையாட்டாம். "இருப்பதிலேயே அழகானதை, குழந்தை வரப்போகிற வீட்டுக்குக் கொடுத்தேன்" என்றார். அப்படியானால் என் கைப்பிடியில் தொங்கிய வாத்து யாருடையது என்று கேட்டேன், நான்காம் மாடியில் இருக்கிற ஒரு கிழவருடையதாம்.

பிறகு அந்த அம்மாளுக்கும் கோபம் வந்தது. மாடி வீட்டு ஆள் அந்த முட்டையைத் தெரு முனையில் வைத்துச் செருப்பால் அடித்ததை ஜன்னலிலிருந்து பார்த்தாராம். "அவ்வளவு அழகான முட்டையை! ஏன்?" என்று கேட்டார். செய்வினைக்கு ஜெர்மனில் என்ன வார்த்தை? "எங்கள் ஊரில் மஞ்சள் பூசிய முட்டையைக் கண்டால் பயப்படுவோம்" என்றேன். "பிறகு நீ ஏன் மஞ்சள் பூசினாய்?" என்றார். நல்ல கேள்வி. அழகாக இருந்தது என்று சொன்னேன். அந்த அம்மாள் உடனே "நான் மேலே வருகிறேன்" என்று செருப்பை மாட்டினார்.

அந்த அம்மாள் மாடியில் தீபனை வெளுத்து வாங்கியது எங்கள் வீட்டு வரைக்கும் கேட்டது. நான் பிடித்த சண்டைகளில் இத்தனை சுகமாக எதுவும் இருந்ததில்லை, நான் வாயே திறக்காவிட்டாலும்.

அரைமணி கழித்துக் கோகிலா வந்தாள். கண் வீங்கியிருந்தது. என் காலைத் தொடக் குனிந்தாள். அந்த வயிற்றோடு குனிகிறாளே என்று எனக்குத்தான் பதறியது.

"எந்திரி. கால்ல விழுந்து என் தலையில இன்னொரு பழி போடாத."

"அம்மாகிட்டச் சொல்லிட்டேனுங்க்கா. நாளைக்கு மொத வளையல் நீங்கதான் போடோணும். நீங்க போடாம நான் யாருகிட்டயும் கை நீட்டமாட்டேன்."

"உன் புருஷன் எங்க?"

"படியில நிக்கறாருங்க. உள்ள வர மொகமில்லைங்கறாரு."

"அங்கயே நிக்கட்டும்" என்றேன். "பாக்கலாம்" என்றும் சொன்னேன். அவள் போனதும் அரக்குப் பட்டை எடுத்து இஸ்திரி போட்டேன். புளிக்காய்ச்சல் கிண்டி ஜாடியில் ஊற்றினேன். பச்சை வளையலும் சிவப்பு வளையலுமாகத் தாம்பாளத்தில் அடுக்கினேன். இன்னும் கோபம்தான், ஆனால் அடுக்கினேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

விடிகாலையில் தலைக்குக் குளித்தேன்.

இவ்வளவுதான் எழுதுவேன்.

செவ்வாய்க்கிழமை போக வேண்டியதில்லை என்று இசக்கியிடம் சொன்னேன். அவர் அடுப்படியில் நின்று ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

புளிக்காய்ச்சலும் தாம்பாளமும் அவர் கையில் கீழே போயின. எல்லாம் நேற்றே, நான் குளிப்பதற்கு முன்னால் செய்ததுதான். நான் போகவில்லை. இந்தத் தீட்டுக் கணக்கிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மாவிடம் சண்டை போட்டுச் சாமி ரூமுக்குள் போனவள் நான். ஆனாலும் அந்தப் பிள்ளையின் கையை இன்றைக்குத் தொட என்னால் முடியாது. நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட என் கை கூசும். எனக்குக் கெட்டது எனக்கு, அவளுடையதாவது நல்லபடியாக வரட்டும்.

கீழே சிரிப்பும் பாட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் இசக்கி ஏறிவந்தார். "கை நீட்ட மாட்டேங்கா. உனக்காகவே உக்காந்திருக்கா. என்ன சொல்ல?"

"கோவத்துல வர மாட்டேன்னுட்டான்னு சொல்லுங்க."

"பேச்சி, நெசத்தச் சொல்லிருவோம்."

"சொன்னீங்கன்னா ஊருக்குப் பொட்டியக் கட்டிருவேன். கோவம்னு சொல்லுங்க. திமிர் பிடிச்சவ, மன்னிக்கத் தெரியாதவன்னு சொல்லுங்க. இன்னைக்கி எவளும் என்னப் பாத்து ஐயோ பாவம்னு சொல்லிரக் கூடாது."

அவர் போய்ச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வளையல் சத்தம் கேட்டது. யாரோ போட ஆரம்பித்துவிட்டார்கள். என்னை என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். சொல்லட்டும். கோபக்காரி என்ற பேர் எனக்குப் பழக்கம், அதைத் தூக்கிக்கொண்டு நடமாட முடியும். இன்னொரு பேரைத் தூக்க முடியாது.

அரக்குப் பட்டை மடித்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, திங்கள்

இன்றைக்கும் விடுமுறை. இரண்டு நாளாக ஒரு கடை கிடையாது.

மத்தியானம் படிக்கட்டில் கலகலவென்று சத்தம் இறங்கி வந்தது. இரண்டு கை நிறைய வளையலோடு கோகிலா கதவை இடித்தாள். நேற்றுவரை அழுத பெண், இன்றைக்குக் கோபமாக வந்திருந்தாள்.

"அம்புட்டுக் கோவமாங்க்கா உங்களுக்கு? எல்லார்த்து முன்னாலயும் என்னைய அப்படி உக்கார வெச்சுட்டீங்களே!"

"ஆமா. கோவம்தான். போ."

"போகமாட்டேன். இந்தாங்க, ஒரு ஜோடி எடுத்து வெச்சிருக்கறேன். இப்பப் போடுங்க." கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். உள்ளே வர ஒரு கால் எடுத்து வைத்தாள்.

"உள்ள வராத. என்னத் தொடாத" என்றேன். "ரெண்டு மூணு நாள் கழிச்சு வா."

"ஏனுங்க்கா?"

நான் சுவரைப் பார்த்தேன். அவள் முட்டாள் இல்லை. இசக்கி கடைச் சாமான் எல்லாவற்றையும் ஒற்றையாகச் சுமந்ததையும், நான் வகுப்புக்குப் போகாமல் இருந்ததையும், வாளியைத் தொடாததையும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? மெல்ல மெல்ல அவள் முகம் மாறியது. நான் பயந்த முகம் வரப்போகிறது என்று தெரிந்தது.

"அப்படிப் பாக்காத" என்றேன். "பாத்த, கதவ அடைச்சிருவேன்."

அவள் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுகாலையும் உள்ளே வைத்து, கதவைத் தன் முதுகாலேயே சாத்தினாள்.

"நீங்க தொட்டு என்ர புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுங்க்கா. போடுங்க."

"உங்கம்மா..."

"அம்மா கோபியில இருக்கறாங்க. நான் இங்க நிக்கறேன். கால் வலிக்குது, சீக்கிரம் போடுங்க."

அவள் கை வீங்கியிருந்தது. வளையல் ஏறவில்லை. "இந்தக் கைக்கு இந்த அளவா வாங்கச் சொன்ன? அளவு குடுக்கத் துப்பில்ல" என்று திட்டிக்கொண்டே குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்பு போட்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி ஏற்றினேன். ஒன்றும் உடையவில்லை. ஏறி முடிந்ததும் அவள் கையை நான் விடவில்லை. அவளும் இழுக்கவில்லை. அழுதேன். நன்றாகவே அழுதேன். அவள் மேல் இருந்த கோபம், தீபன் மேல், டாக்டர் மேல், என் வயிற்றின் மேல் இருந்த கோபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன்.

பிறகு கண்மை டப்பாவைத் திறந்து அவள் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.

"நேத்து எல்லாக் கண்ணும் பட்டிருக்கும்" என்றேன். "என் கண்ணும்தான். எப்பவும் அந்த வயித்துலயே கைய வச்சுக்கிட்டு சிரிப்ப, பாத்துக்கிட்டே இருப்பேன். அதையும் சேத்துத்தான் வைக்கேன்."

"வெய்யுங்க" என்றாள். கன்னத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

போகும்போது கதவருகில் நின்று, "அந்த முட்டை மாதிரியே இன்னொன்னு செஞ்சு குடுப்பீங்களாங்க்கா? தொட்டில்ல கட்டறதுக்கு. மை வெச்சு" என்றாள்.

"உன் புருஷன் செருப்பத் தூக்கிட்டு வருவான்."

"வரட்டும், அந்தச் செருப்பு அவரு மேலதான் விழும்."

செய்து தருகிறேன் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். வீட்டில் ஒரு முட்டைகூட இல்லை, கடைக்காரன் நாளைக்குத்தான் திறப்பான். ஊசி மட்டும் பிரிட்ஜ் கதவில் இன்னும் இருக்கிறது.